நாற்காலியை மாற்றினால் போதுமா? வீட்டில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களைக் குழப்பும் கேள்விகள்

உட்கார்ந்தே இருப்பது புகைபிடிப்பதற்குச் சமம் என்று ஒரு செய்தி வருகிறது. சில மாதம் கழித்து, நின்றுகொண்டு வேலை செய்தாலும் இதயத்துக்கு லாபமில்லை என்று இன்னொன்று. முதுகெலும்பின் வளைவுக்கு ஏற்ற நாற்காலி வாங்கச் சொல்கிறது ஒரு விளம்பரம். தினமும் காலையில் ஓடினால் போதும், மற்றதெல்லாம் வீண் பயம் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்ப்பவர் இதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது?

இத்தனைக்கும் இவற்றில் பெரும்பாலானவை முழுப் பொய் இல்லை. வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன, அவ்வளவுதான். கேள்விகளைப் பிரித்துவிட்டால் பதில்களும் முட்டிக்கொள்ளாது.

## மூன்று தனித்தனி விஷயங்கள்

1. உடற்பயிற்சி போதாமை. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்போ, 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்போ செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட பரிந்துரை. வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். வேக நடை மிதமான உழைப்பு, ஓட்டம் கடுமையானது. இந்த அளவை எட்டாததுதான் பயிற்சிப் பற்றாக்குறை.

2. அசையாத நேரம். உடல் எவ்வளவு ஆற்றல் செலவழிக்கிறது என்பதை ‘மெட்’ என்ற அலகால் அளக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆகும் செலவு 1 மெட். விழித்திருக்கையில், உட்கார்ந்தோ சாய்ந்தோ படுத்தோ, 1.5 மெட் அல்லது அதற்கும் குறைவாகச் செலவாகும் நேரம் முழுவதும் ஆய்வாளர்கள் கணக்கில் அசையாத நேரம்தான். கீபோர்டில் விரல்கள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் இந்தக் கணக்கு மாறாது.

3. உட்காரும் விதம். கழுத்து எங்கே இருக்கிறது, முழங்கை எந்த உயரத்தில், பாதம் தரையில் படுகிறதா என்பதெல்லாம் இதில் வரும். கழுத்துப் பிடிப்பு, தோள் இறுக்கம், மணிக்கட்டு வலி போன்றவற்றோடு தொடர்புடையது இது.

காலையில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு, அப்புறம் பத்து மணி நேரம் எழுந்திருக்காமல் வேலை செய்பவர் முதல் கேள்வியில் தேறிவிடுகிறார், இரண்டாவதில் தேறவில்லை. விலை உயர்ந்த நாற்காலி மூன்றாவதற்கு உதவும், முதல் இரண்டுக்கும் துளியும் உதவாது. சொல்லப்போனால் நாற்காலி சொகுசாக ஆக ஆக, எழுந்திருக்கத் தோன்றுவதும் குறைகிறது. இரண்டாவது கேள்விக்கு மட்டும் கடையில் வாங்கிவர ஒன்றுமில்லை. கைக்கடிகாரம் ஞாபகப்படுத்தும், நமக்காக நடந்து தராது.

## இந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது

ஜெரி மாரிஸ் என்ற பிரிட்டன் மருத்துவர் லண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகளில் வேலை செய்தவர்களை ஆராய்ந்தார். ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் ஒரே நிறுவனம், ஒரே வண்டி. ஓட்டுநர் பணிநேரத்தில் பெரும்பகுதி இருக்கையிலேயே கழித்தார். நடத்துநரோ மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கினார்; ஒரு நாளில் 500 முதல் 750 படிகள். 1953இல் வெளியான முடிவின்படி, நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது. வந்தவர்களுக்கும் பிந்தியே வந்தது, கடுமையும் குறைவு.

பலரும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். மாரிஸ் நிறுத்தவில்லை. 1956இல் அதே பணியாளர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார். இளம் வயது ஓட்டுநர்களின் கால்சட்டைகளே நடத்துநர்களுடையதைவிட இடுப்பில் பெரிதாக இருந்தன. அப்படியென்றால் உட்கார்ந்ததால் உடல் பருத்ததா, பருத்த உடல்வாகு உள்ளவர்கள் ஓட்டுநர் வேலைக்கு வந்தார்களா? உட்கார்வதைப் பற்றிய இன்றைய ஆய்வுகள் பலவற்றிலும் இதே சிக்கல் உண்டு. அதிகம் உட்கார்கிறவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வேறு பல வேற்றுமைகளும் இருக்கும். கணக்கில் அவற்றை முழுதாகக் கழித்துவிட முடியாது.

2016இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை ஒன்றுசேர்த்தது. நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தவர்களிலும், தினமும் 60 முதல் 75 நிமிடம் மிதமான உழைப்பு செய்தவர்களுக்கு, உட்கார்வதோடு சேர்ந்து வரும் கூடுதல் மரண அபாயம் தென்படவில்லை. ஓடுகிற அந்த நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அளவைக் கவனியுங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் என்ற குறைந்தபட்சப் பரிந்துரையைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு இது. தினமும், தவறாமல், ஒரு மணி நேரத்துக்கு மேல் வேக நடை நடப்பவர்கள் எத்தனை பேர்?

புகைபிடிப்பதோடு ஒப்பிடுவதை மட்டும் விட்டுவிடலாம். இரண்டின் அபாயமும் ஒரே தராசில் நிற்காது. புகையின் கேடு பல மடங்கு பெரிது. தலைப்புக்குக் கவர்ச்சியாக இருந்ததால் பரவிய வாசகம் அது. நாற்காலியைப் பார்த்து அப்படி நடுங்கத் தேவையில்லை.

## உட்கார்ந்திருக்கும்போது உள்ளே நடப்பது

கால்களில். இதயம் இரத்தத்தைக் காலுக்கு அனுப்பிவிடும். திரும்ப மேலே ஏற்றும் வேலையில் பெரும்பங்கு கெண்டைக்கால் தசையுடையது. தசை சுருங்கும்போது, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களான சிரைகளை அழுத்தி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைகளுக்குள் இருக்கும் சிறு வால்வுகள் அது கீழே இறங்காமல் பிடித்துக்கொள்கின்றன. கால் அசையாவிட்டால் இந்தப் பம்ப் நின்றுபோகிறது. மாலையில் காலுறையின் விளிம்பு தோலில் பதிந்து தெரிவதும், கணுக்கால் கனப்பதும் இதனால்தான்.

அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் 2016இல் இதை அழகாகச் சோதித்தார்கள். இளைஞர்களை மூன்று மணி நேரம் உட்கார வைத்து, ஒரு காலை மட்டும் ஒரு நிமிடம் ஆட்டி, நான்கு நிமிடம் நிறுத்தி, திரும்ப ஆட்டச் சொன்னார்கள். மற்றக் கால் அசையக் கூடாது. முடிவில், ஆட்டிய காலின் தமனி நன்றாக விரிந்து கொடுத்தது. அசையாத காலின் தமனிக்கு அந்தத் திறன் குறைந்திருந்தது. ஆள் ஒருவர்தான், நாற்காலியும் ஒன்றுதான், இரண்டு கால்களுக்கு இரண்டு விளைவு. உட்கார்ந்தபடி காலாட்டுவதை இனிமேல் யாராவது குறை சொன்னால் இந்த ஆய்வைக் காட்டலாம்.

சர்க்கரையில். சாப்பிட்டதும் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் முக்கிய இடம் தசை. வழக்கமாக அதற்கு இன்சுலின் கதவைத் திறந்துவிட வேண்டும். தசை சுருங்கி விரியும்போது இன்சுலினை எதிர்பாராமலேயே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். உடலிலேயே பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன. நாற்காலியில் இருக்கும்போது ஓய்ந்து கிடப்பவையும் அவைதாம். சாப்பாடு முடிந்த கையோடு மேசைக்குத் திரும்பி இரண்டு மணி நேரம் எழாமல் இருந்தால், சர்க்கரை அதிகமாக வரும் நேரத்தில் அதை வாங்கிக்கொள்ளும் இடம் தூங்கிக்கொண்டிருக்கிறது.

முதுகில். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்குகளுக்கு, வளர்ந்தவர்களிடம், இரத்தக் குழாய்கள் ஏறக்குறைய இல்லை. ஊட்டம் பக்கத்து எலும்பிலிருந்து கசிந்துதான் வர வேண்டும். எடை ஏறும்போது நீரை இழந்து, எடை இறங்கும்போது பஞ்சுபோல மறுபடி உறிஞ்சிக்கொள்கின்றன. இரவு படுத்து எழுந்ததும் நம் உயரம் மாலையில் இருந்ததைவிட ஒன்றிரண்டு செ.மீ. கூடியிருப்பது இதன் விளைவே. ஆகவே டிஸ்க்குக்குத் தேவை அழுத்தம் மாறி மாறி வருவது. ஒரே நிலை, அது எவ்வளவு ‘சரியான’ நிலையாக இருந்தாலும், அந்த மாற்றத்தைத் தராது.

## வீட்டில் ஏன் இது மோசமாகிறது

அலுவலகத்திலும் நாற்காலிதான், கணினிதான். ஆனால் அங்கே திட்டமிடாமலே நடந்த அசைவுகள் நிறைய இருந்தன. வாகனத்தை நிறுத்தும் இடத்திலிருந்து உள்ளே வருவது, படி, கூட்ட அறை, தண்ணீர் பிடிக்கும் இடம், இன்னொருவர் மேசைக்குப் போய் ஒரு சந்தேகம் கேட்பது, மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போவது. யாரும் அதை உடற்பயிற்சி என்று நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் இவை எல்லாம் ஒரே நாளில் காணாமல் போயின. கூட்ட அறை இப்போது திரையில் ஒரு சாளரம். ஒரு மீட்டிங் முடிந்ததும் அடுத்ததற்குப் போக ஒரு கிளிக் போதும்.

திட்டமிடாத இந்த அசைவுகள் சின்ன விஷயமும் இல்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவின் குழுவினர் 1999இல் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கு அரைக் கிலோகூடக் கொழுப்பு ஏறவில்லை. இன்னொருவருக்கு நான்கு கிலோவுக்கு மேல் ஏறியது. இந்த வித்தியாசத்துக்குப் பயிற்சி காரணமாக இல்லை. எழுவது, நடமாடுவது, நெளிவது, நிலைமாறி உட்கார்வது போன்ற அன்றாட அசைவுகள் யாருக்குக் கூடினவோ அவர்களுக்குக் கொழுப்பு குறைவாக ஏறியது.

இன்னொன்றும் உண்டு. அலுவலகத்தில் ஓரளவாவது அளவு பார்த்துச் செய்த மேசையும் நாற்காலியும் இருந்தன. வீட்டில் சாப்பாட்டு மேசை, சோபா, சில நாட்களில் கட்டில். நல்ல நாற்காலியே இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் உடல் என்ன செய்கிறது என்று கவனித்துப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் முதுகு சாய்மானத்தில் ஒட்டியிருக்கும். சிறிய எழுத்தில் ஏதாவது வந்ததும் தாடை முன்னே நீளும். பின்னாலேயே தோள்கள் போகும். பிட்டம் மெல்ல இருக்கையின் விளிம்புக்கு நழுவும், இடுப்பின் வளைவு தட்டையாகும். ஒரு பாதம் நாற்காலிக்கு அடியில் மடங்கிப்போகும். இடது முழங்கை மேசை விளிம்பில் ஊன்றி உடலின் பாரத்தை வாங்கிக்கொண்டிருக்கும். சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போவதற்கு அந்த முழங்கை ஒரு காரணம், அங்கே தோலுக்கு மிக அருகில் ஒரு நரம்பு ஓடுகிறது.

## அப்படியென்றால் நின்றால் சரியாகிவிடுமா?

நின்று வேலை செய்யும் மேசை சந்தைக்கு வந்தபோது அதன்மேல் வைத்த நம்பிக்கை கொஞ்சநஞ்சமல்ல. கணக்கு இப்படி:

1. உட்கார்வதைவிட நிற்பதில் கூடுதலாகச் செலவாகும் ஆற்றல், 2018இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, நிமிடத்துக்குச் சராசரியாக 0.15 கலோரி. மணிக்கு 9 கலோரி. எடை குறைக்க இதை நம்பி இருக்க முடியாது.

2. 2024இல் சிட்னி பல்கலைக்கழகத்தினர் பிரிட்டனில் 83,000 பேர் அணிந்திருந்த கருவிகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். அதிகம் நிற்பதால் இதயநோய், பக்கவாத அபாயம் குறையவில்லை. நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றவர்களிடம் சிரை வீக்கம் போன்ற இரத்த ஓட்டக் கோளாறுகள் கூடுவதும் தெரிந்தது.

3. இதற்குக் காரணம் மேலே சொன்ன கெண்டைக்கால் பம்ப்தான். ஆடாமல் அசையாமல் நிற்பவருக்கும் அது ஓடாது.

ஆக, நிற்கும் மேசை வீணா? இல்லை. உட்கார்வது, நிற்பது என்று மாறிக்கொள்ள அது வசதி. முதுகுக்கு அந்த மாற்றம் இதமாக இருக்கும். நிற்பவருக்கு இரண்டடி எடுத்து வைக்கவும் எளிதாகத் தோன்றும். நாள் முழுக்க உட்கார்ந்ததை நாள் முழுக்க நிற்பதாக மாற்றுவதில்தான் பிழை. மேசைக்கு அடியில் நடைபொறி (டிரெட்மில்) வைத்துக்கொள்பவர்களும் உண்டு. மணிக்கு இரண்டு கி.மீ. வேகத்தில் படிக்கலாம், கூட்டத்தில் கேட்டுக்கொண்டிருக்கலாம். தட்டச்சிலும் மவுஸைத் துல்லியமாக நகர்த்துவதிலும் தடுமாற்றம் வரும். பெரிய பந்தின் மேல் உட்கார்வதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: உடற்பயிற்சிக்கு நல்லது, எட்டு மணி நேர வேலைக்கு அசௌகரியம்.

## எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை எழ வேண்டும்?

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கீத் டயஸ் குழுவினர் 2023இல் நேரடியாக இதைச் சோதித்தார்கள். எட்டு மணி நேரம் உட்கார்ந்தவர்களை, ஐந்து வெவ்வேறு நாட்களில் ஐந்து விதமாக எழுப்பி மெதுவாக நடக்க வைத்தார்கள்: அரை மணிக்கு ஒரு நிமிடம், அரை மணிக்கு ஐந்து நிமிடம், ஒரு மணிக்கு ஒரு நிமிடம், ஒரு மணிக்கு ஐந்து நிமிடம், எழவே இல்லாமல் ஒரு நாள்.

அரை மணிக்கு ஐந்து நிமிடம் நடந்த நாளில் மட்டும் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. நாள் முழுக்க உட்கார்ந்த நாளோடு ஒப்பிட்டால் 58 சதவீதம் குறைவு. இரத்த அழுத்தமோ நடந்த எல்லா விதங்களிலும் 4 முதல் 5 புள்ளி இறங்கியது. மணிக்கு ஒரே நிமிடம் நடந்தபோதும்கூட. 2012இல் ஆஸ்திரேலியாவில் நடந்த வேறொரு சோதனையில் 20 நிமிடத்துக்கு இரண்டு நிமிடம் நடந்தபோதும், உடல் எடை கூடியவர்களிடம் சர்க்கரை ஏற்றம் குறைந்தது.

டயஸ் ஆய்வில் பங்கேற்றவர்கள் 11 பேர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் சர்க்கரை குறைவதற்கும் பத்து வருடத்தில் நீரிழிவு வராமல் இருப்பதற்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது. எனவே ‘அரை மணி’ என்பதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இருந்தாலும் இரண்டு சோதனைகளும் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன: அடிக்கடி எழுந்தால் குறைந்த நடையும் வேலை செய்கிறது.

அரை மணிக்கு ஐந்து நிமிடம் என்றால் எட்டு மணி வேலையில் 80 நிமிடம். பெரும்பாலான வேலைகளில் நடக்காத காரியம். என் கணிப்பில், முன்னுரிமை இப்படி இருக்கலாம்:

1. சாப்பாட்டுக்குப் பின் வரும் ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடமாவது நடப்பது. சர்க்கரை ஏறும் நேரம் அது என்பதால் அந்த நடைக்குப் பலன் கூட.
2. மற்ற நேரத்தில் மணிக்கு ஒருமுறையாவது எழுந்து ஓரிரு நிமிடம் நடமாடுவது.
3. எழவே முடியாத நீண்ட கூட்டங்களில் குதிகாலைத் தூக்கி இறக்குவது, காலாட்டுவது. நடைக்கு ஈடாகாது, சும்மா இருப்பதைவிட மேல்.
4. இதெல்லாம் போக, வாரத்துக்கு 150 நிமிடம். மேலே உள்ளவை அதற்கு மாற்று இல்லை.

## எழச் சொன்னால் ஏன் எழுவதில்லை

அலாரம் வைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஒரு வாரத்தில் அந்தச் சத்தம் காதில் விழுவதே நின்றுவிடும். வேலையில் மூழ்கியிருக்கும்போது அடிக்கும் அலாரத்தை விரல் தானாகவே அணைத்துவிடுகிறது. கடிகாரத்தைவிட, எப்படியும் நடக்கப்போகும் ஒரு செயலோடு எழுவதை முடிச்சுப் போடுவது நிலைக்கும்.

போன் வந்தால் எழுந்து நின்று பேசுவது என்று வைத்துக்கொண்டால், போன் மணியே அலாரம். தண்ணீரைப் பெரிய பாட்டிலில் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளாமல் சிறிய தம்ளரில் குடித்தால் ஒவ்வொரு தடவையும் நிரப்ப எழ வேண்டியிருக்கும். குடித்த தண்ணீர் அதன் பங்குக்கு இன்னொரு தடவை எழுப்பும். சார்ஜரை அறையின் மறுகோடியில் வைக்கலாம். நீங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் கூட்டங்களில் ஹெட்போனோடு நடக்கலாம். கூட்டத்தைக் கூட்டுகிறவர் நீங்களானால், 30 நிமிடத்துக்குப் பதில் 25 என்று போடுங்கள். அழைக்கப்பட்ட அத்தனை பேருக்கும் ஐந்து நிமிடம் கிடைக்கிறது, யாரும் தனியாக மன உறுதியைத் தேட வேண்டியதில்லை.

வேலை தொடங்கும் முன் வெளியே பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்து உட்கார்வது, முடிந்ததும் அதேபோல் இன்னொரு தடவை போய்வருவது: அலுவலகப் பயணத்தோடு தொலைந்த நடையில் ஒரு பகுதி இப்படித் திரும்பக் கிடைக்கும். வேலை எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்ற கோடும் கூடவே கிடைக்கும்.

## மேசையைச் சரிசெய்வது: லேப்டாப்பில்தான் சிக்கல்

நிமிர்ந்து, செங்குத்தாக, 90 பாகையில் உட்கார வேண்டும் என்று பள்ளியிலிருந்தே கேட்டிருப்போம். அப்படிச் சிறந்த ஒற்றை நிலை என்று ஒன்றிருப்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. சுவீடனின் ஆல்ஃப் நாகெம்சன் 1960களில் டிஸ்க்கினுள் அழுத்தத்தை அளந்து, நிற்பதைவிட உட்கார்கையில் அது கூடுதல் என்றார். 1999இல் ஜெர்மனியில் ஒரு தன்னார்வலரின் டிஸ்க்கில் நுண்கருவியைப் பொருத்தி அளந்தபோது, நிற்பதற்கும் தளர்வாக உட்கார்வதற்கும் பெரிய வேறுபாடில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து சரிந்திருந்தபோது அழுத்தம் இன்னும் குறைவு. ஒரே ஒருவரிடம் எடுத்த அளவு என்பதால் இதைப் பெரிதாக்கவும் முடியாது. ஆனாலும், சற்றுச் சாய்ந்து உட்கார்கிறவரைச் சோம்பேறி என்று சொல்ல முதுகெலும்பைச் சாட்சிக்கு இழுக்க முடியாது என்பது தெளிவு.

கழுத்தை 60 பாகை குனிந்தால் 27 கிலோ பாரம் என்ற படமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது 2014இல் ஒரு கணினி மாதிரியிலிருந்து வந்த எண். உயிருள்ள கழுத்தில் அளந்ததன்று. குனியக் குனியக் கழுத்தின் பின்தசைகளுக்கு வேலை கூடுகிறது என்ற அளவுக்கு அதை நம்பலாம்.

லேப்டாப்பின் குறை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. திரையும் கீபோர்டும் ஒட்டியிருப்பதால், திரை கண்ணுக்குச் சரியான உயரத்தில் இருந்தால் கைகள் தோளுயரத்துக்கு ஏறிவிடும். கைக்குச் சரியாக வைத்தால் கழுத்து குனிந்துவிடும். இரண்டில் ஒன்று எப்போதும் தவறாகத்தான் இருக்கும். தனி கீபோர்டும் மவுஸும் வாங்கினால் இந்த முடிச்சு அவிழும். நாற்காலிக்குச் செலவழிக்கும் முன் இதற்குச் செலவழிப்பது நல்லது. செலவும் மிகக் குறைவு.

வரிசையாகச் செய்தால் குழப்பமில்லை. எல்லோரும் திரையிலிருந்து தொடங்குகிறார்கள். முழங்கையிலிருந்து தொடங்க வேண்டும்.

1. தோள்களைத் தளர்த்தி, முழங்கையை மடக்கி உட்காருங்கள். கீபோர்டு முழங்கை உயரத்திலோ ஒரு விரல்கடை கீழேயோ வரும்வரை நாற்காலியை உயர்த்துங்கள்.
2. இப்போது பாதம் தரையில் படவில்லையென்றால் அடியில் ஒரு பலகையோ உறுதியான பெட்டியோ வையுங்கள். பாதம் தொங்கினால் இருக்கையின் விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தும்.
3. முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து முன்னே வாருங்கள். சுருட்டிய துண்டை இடுப்பின் வளைவில் வைத்தாலும் பிடிமானம் கிடைக்கும்.
4. கடைசியாகத் திரை. மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ, ஒரு கை நீளத் தூரத்தில். லேப்டாப்பைத் தடித்த புத்தகங்கள்மேல் ஏற்றலாம். மேல்பாதி தூரத்துக்கும் கீழ்ப்பாதி கிட்டத்துக்குமான பைஃபோகல் போன்ற கண்ணாடி அணிபவர்கள் திரையை இன்னும் கொஞ்சம் தாழ்த்த வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியே பார்க்கத் தாடையைத் தூக்கித் தூக்கிக் கழுத்து நோகும்.
5. மவுஸ் கீபோர்டை ஒட்டியே இருக்கட்டும். கை எட்டி எட்டிப் பிடித்தால் தோள்பட்டைதான் விலை கொடுக்கும்.

எல்லாம் முடிந்த பிறகு, அந்த நிலையிலேயே உறைந்துவிட வேண்டாம். சாயலாம், நிமிரலாம், சிறிது நேரம் நிற்கலாம்.

## கண்கள்

திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழே குறைந்துவிடுவதுண்டு. எரிச்சலுக்கும் வறட்சிக்கும் அது முக்கியக் காரணம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி உள்ள எதையாவது, 20 நொடி பார்ப்பது என்ற விதி ஞாபகம் வைக்க எளிது. இந்த எண்களுக்குப் பின்னால் வலுவான ஆய்வு இல்லை. ஆனால் கண்ணின் உள்தசையைத் தளர்த்துவதால் செய்வதில் நஷ்டமும் இல்லை. கணினித் திரைக்குப் பின்னாலோ உங்களுக்குப் பின்னாலோ இல்லாமல் சன்னல் பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்பினால் கண் கூச்சம் குறையும்.

## எந்த வலியை இதோடு சேர்க்கக் கூடாது

மாலையில் வந்து, எழுந்து நடந்தால் தணிந்து, ஓய்வு நாளில் காணாமல் போகும் வலிக்கு மேலே சொன்ன மாற்றங்கள் பெரும்பாலும் போதும். இவை அப்படியல்ல:

1. முதுகிலிருந்து பிட்டம் வழியே காலுக்கு இறங்கும் வலி, அதோடு காலில் பலம் குறைவது அல்லது மரத்துப்போவது. தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.
2. முதுகுவலியோடு சிறுநீர், மலக் கட்டுப்பாடு தவறுவது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது. தொடைகளுக்கு இடைப்பட்ட பகுதி உணர்வற்றுப் போவது. தண்டுவடத்தின் அடிநரம்புகள் நசுங்குவதன் அறிகுறி. அன்றே, அப்போதே மருத்துவமனை.
3. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலிப்பது. சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். கூடவே மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். அந்தக் காலைத் தேய்த்துவிடவோ பிடித்துவிடவோ கூடாது.
4. இரவில் தூக்கத்தை எழுப்பும் கைவிரல் மரப்பு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதா என்றும், சுண்டுவிரல் பக்கம் என்றால் முழங்கையில் அழுந்துகிறதா என்றும் மருத்துவர் பார்ப்பார். எந்த விரல்கள், எந்த நேரம் என்று இரண்டு மூன்று நாள் குறித்துக்கொண்டு போனால் அவருக்கு வேலை சுலபம்.